நான் விட்ட மணல் கதை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடங்கள் திறந்த ஜூன் மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் சிதம்பரம் அண்ணாமலை நகரில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே வேலைதான். முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரிகளுக்கும் வாசிக்கப் போவேன்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் கல்லூரிக்குப் போன பிறகு சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாட ஆரம்பித்தான். “மிஸ், லத்தீன் ஸ்டைல்ல ஒண்ணு பண்ணலாம். கேட்டா கால் சும்மா இருக்கக் கூடாது” என்று வந்து நின்றான். நான் என் பென் டிரைவைத் துழாவினேன்.

மேடைக் கச்சேரிக்காரர்களிடம் ஆளுக்கொரு பென் டிரைவ் இருக்கும். அதில் நூற்றுக்கணக்கில் சத்தங்கள் இருக்கும். ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பி போட்டுக்கொள்வோம். பண்ருட்டிக்காரர் எனக்குக் கொடுத்ததை நான் விழுப்புரத்துக்காரருக்குக் கொடுப்பேன். யார் வாசித்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எல்லாம் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி கொடுத்தது என்றே நினைத்துக்கொள்வோம்.

அதில் வெறும் நம்பர் மட்டும் போட்ட ஒரு கிடார் துண்டு கிடைத்தது. தகிட தகிட தக என்று துள்ளிக்கொண்டு ஓடும். ஆனால் நான்காவது சுற்று முடிகிற இடத்தில் ஒரு சின்னத் தயக்கம் வரும். அடி விழ வேண்டிய நேரத்தில் விழாமல், கண் சிமிட்டும் நேரம் கழித்து விழும். அந்தத் துண்டை அப்படியே போட்டு, அதன் மேல் நான் கீபோர்டு வாசிக்க, பையன் பாடினான்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. கல்யாண மண்டபங்களில் அந்தத் தயக்கம் வரும் இடத்தில் எல்லோரும் கையைத் தூக்கியபடி அசையாமல் நிற்பார்கள், பிறகு ஒரேயடியாகக் குதிப்பார்கள். ஒரு யூடியூப் சேனலிலிருந்து என்னைப் பேட்டி எடுக்க வந்தார்கள். “அந்த இடைவெளி எப்படி மேடம் தோணுச்சு?” என்று கேட்டார்கள்.

பென் டிரைவில் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். கேமராவைப் பார்த்ததும் எனக்குள் ஒரு கவிஞர் கிளம்பிவிட்டார். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தனியாக நின்றேனாம். அலை திரும்பும்போது காலடியில் மணல் சரிந்ததாம். அந்த மணல் சரிகிற நேரம்தான் இந்த இடைவெளியாம். வீட்டுக்குப் போய் நானே கிடார் வாசித்துப் பதிவு செய்தேன் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். கிடாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

பேட்டி வந்ததும் அதிகம் சந்தோஷப்பட்டவர் என் அப்பா. கம்மாபுரம் பக்கம் விவசாயம் பார்ப்பவர். பொட்டியைத் தட்டிப் பிழைக்க முடியுமா என்று பதினைந்து வருடமாகக் கேட்டவர், இப்போது உரக்கடையிலும் டீக்கடையிலும் போனை நீட்டி, “எம் பொண்ணு பேசறத கேளு, கடல வச்சே பாட்டு கட்டியிருக்குது” என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் ஒரு போன் வந்தது. பேட்டிக்குக் கீழே என் கீபோர்டு வகுப்பின் போன் நம்பர் போட்டிருந்தார்கள்.

“நான் கடலூர்லேர்ந்து பேசறேம்மா. பள்ளிக்கூட வேன் ஓட்டறேன். அந்தப் பாட்டுல வர்ற கிடாரு, அது நான் வாசிச்சதும்மா.”

என் பென் டிரைவ்தான் உடனே ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை. “ஆதாரம் இருக்கா சார்? சும்மா யாரும் வந்து சொல்லிடலாமா?” என்று கேட்டு போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன் அடித்தாலே பயம். அவர் வெளியே சொன்னால் பாட்டுப் போகட்டும், அப்பா அந்த டீக்கடைப் பக்கம் எப்படித் தலைகாட்டுவார்? என் கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “நேர்ல போயி பாத்துட்டு வந்துடு. சாம்பார்ல ரெண்டு தடவ உப்பு போடறத என்னால தாங்க முடியல” என்றார்.

அவர் பேசிய நம்பருக்கே போன் போட்டு, நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி விலாசம் வாங்கிக்கொண்டேன். கடலூர் முதுநகரில், மாதா கோயில் தெருவில் அவர் வீடு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ, “வாம்மா, வெயில்ல வந்திருக்க” என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், “ஆதாரம் கேட்டியே” என்று சிரித்துக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த கிடாரை எடுத்தார்.

தகிட தகிட தக. அதே ஓட்டம். நான்காவது சுற்று முடிவில் அதே தயக்கம். மறுபடி வாசித்தார், மறுபடியும் அதே இடத்தில் அதே அளவு தயக்கம். பிறகு இடது கையை நீட்டிக் காட்டினார். மோதிர விரல் மடங்காமல் விறைத்து நின்றது.

“கப்பல்ல சமையக்கட்டுல இருந்தேம்மா. கொலம்பியாக்காரன் ஒருத்தன் கூட வேல பார்த்தான். அவன் கத்துக் குடுத்ததுதான் இது. இரும்புக் கதவு சாத்தினதுல இந்த வெரல் போயிடுச்சு. அந்த எடத்துல ஒரு கம்பிலேர்ந்து அடுத்த கம்பிக்கு வந்து சேர லேட்டாவும். நீ மணலுன்னு சொன்னியே, அது இந்த வெரலும்மா.”

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

கப்பல் வேலையை விட்டு வந்த பிறகு, திருப்பாதிரிப்புலியூரில் கீபோர்டு சர்வீஸ் செய்யும் நண்பர் ஒருவர் மைக்கைச் சோதிக்க இவரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தாராம். அங்கிருந்து யார் யார் பென் டிரைவிலோ ஏறி இறங்கி என்னிடம் வந்திருக்கிறது. இவருக்கு அது வெளியே போனதே தெரியாது. வேனில் பிள்ளைகள் போடச் சொன்ன பாட்டில்தான் முதல்முதலாகத் தன் விரலைத் தானே கேட்டிருக்கிறார்.

“ஒங்களுக்கு என்ன செய்யணும் சொல்லுங்க சார், செய்யறேன்” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் வேணாம். அந்த வேன் புள்ளைங்ககிட்ட மட்டும் வந்து சொல்லிடு. இது நான் வாசிச்சதுடான்னு சொன்னேன். ஒன் பேட்டிய காட்டி, அங்கிள் ரீல் வுடறாருன்னு தினமும் ஓட்டுதுங்க. என்னால வண்டி ஓட்ட முடியல” என்றார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அன்று மாலையே பள்ளிக்கூட வாசலில் அவரோடு நின்றேன். பிள்ளைகள் ஏறியதும் நானும் ஏறினேன். என்னைப் பார்த்ததும் ஒரே கூச்சல். “கிடார் வாசிச்சது உங்க அங்கிள்தான். நான் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்” என்றேன். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், “ஏன் மிஸ் பொய் சொன்னீங்க?” என்று கேட்டது. “கேமராவைப் பார்த்ததும் வாய் நீண்டுடுச்சும்மா” என்றேன். அதற்குள் மற்ற பிள்ளைகள், “அங்கிள், இப்ப வாசிங்க!” என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஸ்டீயரிங்கைத் தட்டி, “கிடாரு வூட்ல இருக்குடா, நாளைக்கு” என்றார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சிரிப்பு.

சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் அமர்ந்து, வேறு யாரும் சொல்வதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அதான பாத்தேன்” என்றார் அப்பா. “சின்ன வயசுல கடலுக்குக் கூட்டிப் போனா என் தோள வுட்டு எறங்க மாட்ட. நீ எங்க அலைல போயி நின்னேன்னு யோசிச்சேன்.” பிறகு, “அந்த ஆளு கோவப்படலயே? வுடு. டீக்கடைல நானே சொல்லிக்கறேன்” என்றார். சிதம்பரம் நெருங்கும் வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். ஒரு வாரத்தில் அன்றைக்குத்தான் நெஞ்சிலிருந்த கல் இறங்கியது.

மறுநாளே பையனிடம் சொல்லிப் பாட்டின் கீழே அவர் பெயரை முதலில் போட வைத்தேன். பேட்டி எடுத்த சேனலுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், நான் சொன்னது பொய் என்று சொன்னேன். நாலு பேர் திட்டி எழுதினார்கள். திட்டட்டும், வாங்க வேண்டியதுதான்.

ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆதாரம் கேட்டுப் போனை வைத்தவளுக்கு மின்விசிறியைத் திருப்பி வைக்க அந்த மனிதருக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, பெரிய நிம்மதியாகவும் இருக்கிறது.