ஏழாம் துண்டின் இரண்டாவது அட்டை

தந்திக்காரர் மணியடித்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். தந்தி என்றால் எனக்குப் பயம். அதை வாங்கி, பிரிக்காமல் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உலையை ஏற்றினேன். சோறு வடித்த பிறகுதான் பிரித்தேன். “பேச்சியம்மாள் காலமானாள். உடனே வரவும்.” அனுப்பியிருந்தவர் போடி ஜீப்பு டிரைவர் மொக்கச்சாமி அண்ணன். மஞ்சள் காமாலை, பதினோரு நாள் என்று ஊருக்குப் போனபிறகு சொன்னார்கள். முப்பது வயது முடியவில்லை அவளுக்கு.

மதுரைப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி படித்த எங்கள் வகுப்பார் அவளுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். நானும் எழுத வேண்டும் என்றார்கள். படிப்பு முடிந்ததும் நான் சென்னைக்கு ஓடிவிட்டேன். பேச்சி பல்கலைக்கழகக் கணிப்பொறி மையத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்தாள். அவளிடம் செய்முறை கற்ற பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள். “பேச்சியக்கா ஒருகாலத்துல பெரிய தப்புப் பண்ணிட்டாங்களாம், அதான் இம்புட்டுக் கறார்” என்று உங்களுக்குள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. அந்தத் தப்பைப் பண்ணியது பேச்சி இல்லை. நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கை நடுங்குகிறது. அச்சுக்கோப்பவர் என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. புரோகிராமைத் தாளில் எழுதி, ஒரு வரிக்கு ஓர் அட்டையாகத் துளைபோட்டு, கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். பதில் மறுநாள் வரும். ஓர் எழுத்துத் தப்பினால் இன்னும் ஒரு நாள் போச்சு. அந்த அறையின் குளிரும் இரைச்சலும் எனக்குப் பயம். பேச்சிக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. “மிஷினு கடிக்காதுடி. கடிச்சா நாமதான் கடிக்கணும்” என்பாள்.

கடைசிப் பருவத்தில் ஒரு செய்முறைத் தாள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, பல்கலைக்கழகத்துக்கு வெளியே யாராவது நிஜமாகவே உபயோகிக்கும்படி ஒரு புரோகிராம் எழுத வேண்டும். எழுதுபவர் ஒருவர், படித்துப் பார்த்துக் கையெழுத்திடுபவர் இன்னொருவர். நான் போடிக்காரி, பேச்சி ராசிங்காபுரத்துக்காரி. ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போய் வருகிறவர்கள் என்று எங்களைச் சேர்த்துவிட்டார்கள். நான் நாலு வயலும் கிணறும் உள்ள வீட்டுப் பெண். பேச்சியின் அம்மா ஒச்சம்மா, விடியுமுன்னே ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறவர்.

என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது பேச்சிதான் சொன்னாள்.

“எங்கம்மா வாரத்துக்கு ஒருநாள் தலை சுத்துதுன்னு வந்து படுத்துருது. மருந்தடிச்ச காட்டுக்குள்ள எப்பப் போகணும், எப்பப் போகக்கூடாதுன்னு ஒரு லிஸ்ட்டு போட்டுக் குடுப்போம்டி.”

“காய் மேலதானே இருக்கும்? மூக்குல எப்படி ஏறும்?” என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஏலக்காய் தூரடியில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். குத்தவைத்து, முகத்தைச் செடிக்குள் நுழைத்துத்தான் எடுக்க வேண்டும். போடியில் பிறந்து, தெருவெல்லாம் ஏலக்காய் மணக்க வளர்ந்தவளுக்கு அதுகூடத் தெரியவில்லை. எனக்குத் தெரியாதது அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தோட்டத்தில் பதினெட்டுத் துண்டுக் காடுகள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பூச்சி மருந்தடிப்பார்கள். அடித்த துண்டின் வாசலில், ஆட்களை மேய்க்கும் மலையாளத்துக்காரர் வர்கீஸ் கங்காணி ஒரு கொத்துப் பச்சைக் குழையைக் கட்டித் தொங்கவிடுவார். குழை வாடிச் சருகாகி உதிரும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. வெயில் காலத்தில் அது சரியாகவே நடந்தது. மழைக் காலத்தில்தான் குழை வாடாமல் இருபது நாள், இருபத்தைந்து நாள் என்று தொங்கும். காய் பழுத்து வெடித்துப்போகும். முதலாளி கத்துவார், கங்காணி பச்சைக் குழையைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஆளை அனுப்புவார். எங்கள் காகிதம் இந்த இழுபறியை முடித்துவைக்கும் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். மருந்தடித்து முழுசாகப் பத்து நாள் அடைப்பு, அதற்குப் பிறகு திறப்பு. சனிக்கிழமை கங்காணியின் நோட்டை வாங்கி வந்து அட்டையில் துளைபோடுவோம். புதன்கிழமை லிஸ்ட்டு போடி பஸ்ஸில் போய், மொக்கச்சாமி அண்ணன் ஜீப்பில் மலையேறும்.

ஒவ்வொரு துண்டுக்கும் மருந்தடித்த தேதியைத் தேடி எடுக்கும் பகுதியை நான் எழுதினேன். பேச்சி வரி வரியாகப் படித்தாள்.

“முதல் அட்டை கிடைச்சதும் தேடுறத நிறுத்திருதே. அதே துண்டுக்கு ரெண்டாவது அட்டை இருந்தா?”

“அடிச்சதையே எதுக்குடி மறுபடி அடிக்கப் போறாங்க?”

“கங்காணியக் கேட்டுட்டு வா. கேட்டபெறகு கையெழுத்துப் போடுறேன்.”

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல், ஊருக்கு வரவில்லை. நோட்டை வாங்கப் போடி ஜீப்பு நிறுத்தத்துக்கு நான்தான் போனேன். கங்காணி நின்றுகொண்டிருந்தார். மழை தூறியது, பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கேட்கவில்லை. திங்கட்கிழமை துளைபோடும் மிஷினில் எங்கள் முறை. அதை விட்டால் இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், தாளில் தோற்றுவிடுவேனோ என்று பயம். “கேட்டியா சந்திரா?” என்றாள் பேச்சி. “கேட்டுட்டேன். ஒரு தடவைதான் அடிப்பாங்களாம்” என்றேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆறாவது வாரம், வியாழக்கிழமை காலை. பழைய அட்டைகளை எண் வாரியாக அடுக்கி ரப்பர் மாட்டிக்கொண்டிருந்த பேச்சி கையை நிறுத்தினாள்.

“என்னடி இது, ஏழுக்கு ரெண்டு அட்டை இருக்கு?”

வாங்கிப் பார்த்தேன். ஏழாம் துண்டில் ஒரு வெள்ளிக்கிழமை அடித்திருக்கிறார்கள். அடுத்த வெள்ளி மறுபடி அடித்திருக்கிறார்கள். மழை கழுவிவிட்டால் மறுபடி அடிப்பது மலையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கமாம். என் புரோகிராம் முதல் வெள்ளியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அதன் கணக்கில் பத்து நாள் முடிந்து ஏழாம் துண்டு திறந்தாயிற்று. நிஜத்தில் மருந்தடித்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. லிஸ்ட்டு முந்தின நாளே போய்விட்டது.

பேச்சி சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். “இந்நேரம் உள்ள எறங்கியிருப்பாங்க” என்றாள். தோட்டத்தில் போன் கிடையாது. போடியில் முதலாளியின் ஆபீசுக்கு டிரங்க் கால் பதிவுசெய்தோம், கிடைக்கவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறினோம்.

அந்த மூன்று மணி நேரத்தை நான் எதிரிக்குக்கூட வேண்டமாட்டேன். உசிலம்பட்டி தாண்டியதும் பேச்சி, “அம்மா இன்னைக்கு எத்தனாந் துண்டுன்னு தெரியலையே” என்றாள். “மூணு துண்டு தெறந்திருக்குடி. ஏழுக்குத்தான் போயிருக்கணும்னு இல்லையே” என்றேன். “மூணுல ஒண்ணு” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. உண்மையைச் சொல்லிவிட நாலைந்து தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டேன். தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். ஆறாம் துண்டாக இருக்கட்டும், பதினொன்றாக இருக்கட்டும் என்று வேண்டினேன். யாரோ பெற்ற பிள்ளைகள் ஏழுக்குப் போகட்டும், ஒச்சம்மா மட்டும் போயிருக்க வேண்டாம் என்றும் வேண்டினேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

போடியில் மொக்கச்சாமி அண்ணன் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“லோடு ஏத்தி முடிச்சதும் கெளம்புறேன்த்தா.”

“அண்ணே, லோடு கெடக்கட்டும், வெரசா எடுங்கண்ணே. எங்கம்மா மருந்துக் காட்டுக்குள்ள இருக்கு” என்றாள் பேச்சி.

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏற்றிய மூட்டைகளை அப்படியே தெருவில் இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். வளைவுகளில் மூடுபனி. பத்தடிக்கு முன்னால் ரோடு தெரியவில்லை. ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் எதிரே ஒச்சம்மாவைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்களோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேச்சி மூடவில்லை.

தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் கூட்டமாகப் பெண்கள் நின்றார்கள். நடுவில் சாக்கின்மேல் ஒச்சம்மா கிடந்தார். வாயில் நுரை. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. இன்னும் இரண்டு பேர் சுவரில் சாய்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி எங்கள் லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “பேப்பர்ல தொறந்துன்னு போட்டிருக்கல்லோ மோளே, பேப்பர்ல போட்டிருக்கல்லோ” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஜீப்பில் ஏற்றும்போது ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னாள். “கொழ பச்சையாத்தான் தொங்குச்சு. நாங்க உள்ள போகமாட்டோம்னுதான் நின்னோம். ஒச்சம்மாக்காதான், ‘எம்மக எழுதுன காகிதம்டி, தப்பா இருக்குமா?’ன்னு கொழயப் பிச்சுப் போட்டுட்டு முன்னால எறங்குச்சு.”

பேச்சி அதைக் கேட்டாள். நானும் கேட்டேன். மலை இறங்கும்போது அம்மாவின் தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள், காலை நான் பிடித்துக்கொண்டேன்.

ஒச்சம்மா பிழைத்துக்கொண்டார். மற்ற இருவரும் பிழைத்தார்கள். ஒச்சம்மா ஒன்பது நாள் போடி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு தோட்டத்துக்குப் போகவில்லை. தோட்டத்திலும் ஊரிலும், “மக எழுதுன தப்பு, தாயக் கொல்லப் பாத்துச்சு” என்றார்கள். தேர்வில் பேராசிரியர் அந்தப் பகுதியைக் காட்டி, “இதை யார் எழுதியது?” என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். “நாங்க எழுதினோம் சார்” என்றாள் பேச்சி. வெளியே வந்ததும், “கையெழுத்து என்னோடதுதானடி. படிச்சுட்டுத்தான போட்டேன்” என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

லிஸ்ட்டை அவள் நிறுத்தவில்லை. புரோகிராமைத் திருத்தி, வாராவாரம் அனுப்பினாள். அந்த மிஷினுக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒவ்வொரு லிஸ்ட்டின் அடியிலும் சிவப்புப் பென்சிலால் தன் கையால் எழுதுவாள்: “குழை பச்சையாக இருந்தால் இந்தக் காகிதத்தை நம்பாதீர்கள்.” காகிதமும் குழையும் ஒன்றைச் சொன்னால் மட்டும் உள்ளே போக வேண்டும் என்று கங்காணியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உங்களிடம் அவள் கேட்ட கேள்வி உங்களுக்கே ஞாபகம் இருக்கும். “இத யாரு நம்பப் போறா? அவங்க பேரச் சொல்லு. பேரு தெரியாம எழுதாத.” நான் மதுரைக்குப் போனபோது ஒரு பையன் அட்டைக்கட்டை வீசிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினான். அவனைக் கூப்பிட்டு, “கை நடுங்காமக் குடுத்தா வாங்க மாட்டேன், எடுத்துட்டுப் போ” என்று திருப்பிக் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்று ஜன்னலைப் பார்த்தேன்.

தந்தி கிடைத்து நான் ராசிங்காபுரம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூட்டம் கலையும்வரை காத்திருந்தேன். ஒச்சம்மா சுவரோரம் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எழுதியது நான். கங்காணியைக் கேட்கவில்லை. கேட்டதாகப் பொய் சொன்னேன். அவள் என் பொய்யை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாள். கடைசிவரை அவளுக்குத் தெரியாது. அடிப்பார், காறித் துப்புவார் என்று காத்திருந்தேன்.

“அவளுக்குத் தெரியும்த்தா” என்றார்.

“எப்படி?” என்றேன்.

“நான் ஆஸ்பத்திரில கெடந்தப்பவே கங்காணி பாக்க வந்தாரு. ஏன் எங்க சந்திராட்ட ஒரு தடவைதான்னு சொன்னீங்கன்னு பேச்சி அவரக் கேட்டா. அந்தப் பிள்ள எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையேன்னாரு. அன்னைக்கே தெரியும்.”

“ஏன் என்கிட்ட கேக்கல?”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘கேட்டா, பயத்துல இன்னொரு பொய் சொல்லுவாம்மா. கேக்காம விட்டா, பயந்துக்கிட்டே ஒழுங்கா எழுதுவா’ன்னா.”

ஒச்சம்மா கையை நீட்டினார். “கொண்டா கைய. அன்னைக்கு ஜீப்புல எங்காலப் புடிச்சிருந்தது ஓங்கையிதான. என்னா நடுக்கம் நடுங்குச்சு. நான் பொழைக்க மாட்டேன்னு அதுலதான் பயந்தேன்.” கையைக் கொடுத்தேன். பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இன்னும் நடுங்குதுல்ல. நல்லது” என்றார்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று, ஏழாம் துண்டின் இரண்டாவது அட்டை. அன்றைக்கு அவள் கையிலிருந்து வாங்கியது, திருப்பிக் கொடுக்கவில்லை. மற்றது இந்த நடுக்கம். எட்டு வருஷமாக எதை எழுதிக் கொடுத்தாலும் கை நடுங்குகிறது. திரும்ப எடுத்து ஒரு தடவை பார்க்கிறேன். சிலசமயம் தப்பு இருக்கிறது.