குப்பத்து அம்மனின் வெள்ளி முகம்

என் வீட்டுக்காரர் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர். இனி இங்கே இருக்காதே என்று அந்த ஊர் சொன்னபோது கப்பலில் வந்து இறங்கினார். மயிலாப்பூரில் ஒரு சந்தில் வெள்ளிப் பட்டறை போட்டார். அவர் செய்த கொலுசும் குங்குமச் சிமிழும் எங்கெங்கே போயினவோ, எத்தனை உருகினவோ. எனக்குத் தெரிந்து ஊர் பார்க்க நிற்பது கடற்கரைக் குப்பத்து அம்மனின் வெள்ளி முகம் ஒன்றுதான். மூக்கு சப்பை, கன்னம் மேடு. அவர் பார்த்து வளர்ந்த முகங்கள் அப்படி. "ஆத்தா கப்பல்ல வந்தவ" என்று குப்பத்தில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் சிரித்ததில்லை. அந்தப் புருவத்தைத் தட்டி எடுக்க ஒன்பது நாள் ஆனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

போன தை மாதம் கோயில் தலைவர் என்னைத் தேடி வந்தார்.

"ஆத்தா தாடையில விரிசல் வுட்டுகிச்சு பெரியம்மா. தி.நகர்ல குடுத்து உருக்கி, புது முகமா செஞ்சிடலாம்னு கீறோம். உங்க காதுல ஒரு வார்த்த போட்டுடலாம்னு வந்தேன்."

மறுநாள் ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்கே போனேன். கோயில் வாசலில் தலைவரும் மீன்காரப் பெண்களும் இருந்தார்கள்.

"இதை உருக்காதீங்க. இதுல என்ன வெள்ளி இருக்குன்னு தெரியுமா?" என்று தொடங்கினேன்.

அது அந்தக் காலத்துக் குப்பத்துப் பெண்கள் கொடுத்த பழைய மெட்டிகளின் வெள்ளி. சுமங்கலிகளின் மெட்டி மட்டும்தான் வாங்க வேண்டும் என்று பேச்சு. கடலுக்குப் போன புருஷன் திரும்பாத ஒரு பெண் கடைசியாக வந்து தன்னுடையதையும் நீட்டினாள். இந்த ஊர் வழக்கம் தெரியாத என் வீட்டுக்காரர் அதையும் வாங்கி உருக்கிவிட்டார். நான் சத்தம் போட்டதற்கு, "ஏன், அதுவும் வெள்ளிதானே?" என்றார்.

பாதியோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு அது வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

தலைவர் முகம் சுருங்கியது. "அப்போ தீட்டாயிடுச்சே. கண்டிப்பா உருக்கணும்."

புருஷனை இழந்த மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள். "இன்னா தீட்டு? இத்தினி வருசமா அதுக்குத்தானே கற்பூரம் காட்டிக்கினு கீறே? புயல்ல மாட்டின உன் புள்ள கர சேந்தப்போ எங்க போச்சு உன் தீட்டு? சரி, உருக்கினா மட்டும் அந்த மெட்டி தனியா எகிறி வெளிய வந்துடுமா நைனா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் தலையைச் சொறிந்தார். கடைசியில், விரிசலுக்கு மட்டும் ஒட்டுப் போடலாம் என்று அவர் வாயாலேயே வந்தது.

ஒட்டுக்கு வெள்ளி வேண்டுமே. அந்த மீன்காரி வீட்டுக்குப் போய், கழற்றி முடிந்து வைத்திருந்த தன் மெட்டியை எடுத்துவந்தாள். அவளைப் பார்த்து, அவளைப் போன்ற இன்னும் நாலு பேர். தலைவர் இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்கினார்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மெட்டியும் வீட்டில் ஒரு டப்பாவில்தான் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை. அது அவர் எனக்கென்று செய்தது. ஆத்தாளுக்கு முகமே செய்து கொடுத்திருக்கிறார், அவளுக்கு அது போதும்.