பாய்மரத்துக் காகம்

ஒரு மனிதரின் நினைவை நான் பொய்யாக்கிவிட்டேன். அவருடைய பழைய படக்கதைப் புத்தகத்தில் இருந்ததை அழித்தேன். பிறகு, அங்கே எதுவும் இருக்கவில்லை என்று அவரிடமே சாதித்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

எழுபதுகளின் கடைசியில் முத்தியால்பேட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தேன். கல்யாணப் பெண்ணின் அம்மைத் தழும்பை மறைப்பேன். கறுப்பு வெள்ளை உதடுகளுக்குச் சிவப்பு ஏற்றுவேன். எதையும் இருந்தபடி விட்டுவைக்க என் கைக்குத் தெரியாது.

எதிர்வீட்டு லூர்து அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் அந்தப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது பிரான்சிலிருந்து கப்பலில் வந்ததாம். பிரித்தேன்... மூச்சு நின்றது! பக்கம் முழுவதும் கடல். நீலத்துக்குள் நீலமாக எத்தனை அலைகள்! அத்தனை வருடங்களுக்குப் பிறகும் மை ஈரமாக இருப்பதுபோல் மினுங்கியது. மூலைகள் மட்டும் கிழிந்து உதிர்ந்திருந்தன.

"மேல கிழியாம இருந்தா போதும்மா. வேற ஒண்ணும் பண்ணாத" என்றார்.

வேறொன்றும் செய்யாமல் இருப்பது ஒரு வேலையா? கிழிசலுக்கு மெல்லிய தாளும் பசையும் போதும். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடலைப் பார்க்கப் பார்க்க, அச்சான அன்று அது எப்படி இருந்திருக்குமோ அப்படியே ஆக்கிவிடும் வெறி பிடித்துக்கொண்டது. உதிர்ந்த மூலையில் அலைகளை நானே தீட்டினேன். பழையதும் புதியதும் சேர்ந்த இடம் எனக்கே தெரியவில்லை! கப்பலின் பாய்மர உச்சியில் யாரோ பென்சிலால் ஒரு காகத்தைக் கிறுக்கியிருந்தார்கள். கோணல் அலகு, மூன்று கால். அசிங்கம் என்று நினைத்தேன். அழித்தேன்.

வந்து பார்த்தவர் புதிதுபோல் இருக்கிறதே என்று வியந்தார். கடல் வந்ததும் அவர் விரல் பாய்மரத்தின் மேல் நின்றது.

"இங்க ஒரு காக்கா இருக்கும்மா. என் தம்பி போட்டது."

ஒன்பது வயதில் காய்ச்சலில் போன தம்பி. அவனுக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"அப்படி எதுவும் இல்லியேண்ணே" என்றேன்.

பயமா? இல்லை... நான் புதுப்பித்த கடலைக் குற்றம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை!

அவர் புத்தகத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை நம்பினார். இத்தனை வருடமாகத் தன் கண்ணால் கண்டதைத் தள்ளிவிட்டு என் வாய்ச்சொல்லை நம்பினார்! ஒரு மனிதரால் இன்னொருவரை அவ்வளவு நம்ப முடியுமா? இன்றும் எனக்கு அது பிடிபடவில்லை.

வயதாகிவிட்டது, இல்லாததெல்லாம் ஞாபகம் வருகிறது என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தாராம்.

எண்பதுகளில் அவர் இறக்கும்வரை எதிரெதிரே வாழ்ந்தோம். அந்தத் தம்பியைப் பார்த்தவர்கள் அவரைத் தவிர எவரும் மிஞ்சியிருக்கவில்லை. சாயங்காலங்களில் எப்போதாவது, அவன் கடலில் நன்றாக நீந்துவான் என்று ஆரம்பிப்பார். பாதியில் நிறுத்துவார்.

"நீஞ்சுவான்னுதான் நெனைக்கிறேன்... இல்ல, நானா நெனச்சிக்கிறேனா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.