தண்ணீர்த் தொட்டியின் இரண்டாவது வரி

பிரின்சிபல் சேர் இறந்துவிட்டாராம்.

காலையில் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நான் போடவில்லை.

மாத்தளையில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஏ.எல் படித்தபோது ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் நாங்கள் மூன்றே பேர். பாடத்தில் ஒரு ரொமான்டிக் காலத்துக் கவிதை. மணலில் உடைந்து கிடக்கும் ஒரு ராஜாவின் சிலை... அதிகாரத்தின் நிலையாமை பற்றி, உங்கள் சூழலிலிருந்து ஓர் உதாரணத்தோடு கட்டுரை எழுதச் சொன்னார் மிஸ்.

நான் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியை எழுதினேன்.

கன்டீனுக்குப் பின்னால் இருக்கும் சீமெந்துத் தொட்டி. முன்பக்கம் ஒரு பித்தளைத் தகடு, கறுப்புப் பெயின்ட் எழுத்து. முதல் வரியில் திறந்துவைத்த அரசியல்வாதி. இரண்டாவது வரி முழுக்க சேர். பெயருக்கு முன்னால் மூன்று பட்டம், பின்னால் இரண்டு.

திறப்பு விழாவுக்குப் பிறகு அதில் தண்ணீர் வந்ததே இல்லை.

"அந்த ராஜாவுக்குப் பாலைவனம், எங்கள் ராஜாவுக்குத் தொட்டி. இரண்டிலும் தண்ணீர் இல்லை." கட்டுரையின் கடைசி வரி. பதினெட்டு வயது. திமிர்தான்.

மிஸ் அதைப் பெருமையாக சேரிடம் காட்டிவிட்டார்.

மறுநாள் அசெம்பிளியில் சேர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

"கவிதைய நல்லா ஆராய்ஞ்சிருக்கீங்க, மேடம். எங்க பேரு மங்கிப் போயிருமோ?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"மங்காம பாத்துக்கிறது இனி ஒங்க வேல. தெனம் காலையில தேய்ங்க. ஸ்கூல விட்டுப் போற வரைக்கும்."

தேய்த்தேன். தொட்டியில் தண்ணீர் இல்லாததால் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோய்.

ஏ.எல் முடிந்தது. கம்பஸ் கிடைத்தது. பல்கலைக்கழகப் பதிவுக்கு சேரின் நற்சான்றிதழ் வேண்டும்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். மூன்று நாள் வேலைக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் நின்றார், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. முதல் நாள் சேர் மீட்டிங். இரண்டாம் நாள் சீல் இல்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"மலையில கொழுந்து ஆய ஆளில்லன்னு சொல்றாங்க. ஒங்க மகளுக்கு எதுக்கு கம்பஸ்?"

அம்மா கும்பிட்டார். சான்றிதழில், நடத்தை: சுமார்.

பஸ்ஸில் அம்மா கேட்டார்: "அந்த மனுஷன பத்தி அப்படி என்னடி எழுதுன?"

"ஒரு ராஜாவ பத்தி தாம்மா எழுதுனேன்."

"எந்த ராஜா?"

"செத்துப்போன ராஜா."

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சேர் எனக்குத் தந்தது மெல்லிய துணி. நான் கொண்டுபோனது செங்கல் தூள், பழப்புளி, தேங்காய் நார். தேய்த்தது இரண்டாவது வரியை மட்டும்.

அவர் ஒரு நாளும் கிட்ட வந்து பார்க்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் தகடு பளபளவென்று இருந்தது. அது அவருக்குப் போதும்.

கடைசியாக ஒரே ஓர் எழுத்து மிஞ்சியிருந்தது. பாவம் என்று விட்டுவைத்திருந்தேன். அந்த மூன்றாம் நாள், அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், போய் அதையும் தேய்த்தேன்.

நாளைக் காலை சேரின் உடலைப் பாடசாலைக்குக் கொண்டுவருகிறார்களாம். அதற்குள் தகட்டில் திரும்ப எழுத வேண்டுமாம். திறப்பு விழா போட்டோ ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் சேர் தகட்டுக்கு முன்னாலேயே நிற்கிறார். இரண்டாவது வரி அவர் முதுகுக்குப் பின்னால்.

குரூப் அட்மின் இப்போதுதான் கேட்டார்.

"தங்கச்சி, தெனம் தேய்ச்சது நீதானே. பேரு தெரியும், அந்த பட்டமெல்லாம் வரிசையா என்னா? சேரோட மகனுக்கும் தெரியலயாம். பெயின்ட்காரர் வந்து நிக்கிறாரு."

பார்த்துவிட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது.

ஐந்தும் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் வரும்.

சொல்லமாட்டேன்.

பெயின்ட்காரர் வீட்டுக்குப் போகலாம்.

நீங்களும் போங்க, சேர்.