மெல்லும் வாய்

இது எப்சிக்கு நடந்தது. இட்டுக்கட்டியது இல்லை. சந்தேகம் இருந்தால் பாளையங்கோட்டைக்குப் போய் அவளையே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போகாதீர்கள்.

பேட்டையில் மணிராஜின் ஸ்டுடியோவில் அவள் வீடியோ எடிட்டிங் பழகிக்கொண்டிருந்தாள். அன்றுதான் முதல்முறையாக ஒரு கல்யாண வீடியோவை அவளை நம்பிக் கொடுத்தார்.

"பந்தியில வாய் மெல்லுத ஷாட்டெல்லாம் வெட்டிரு. பாக்கச் சகிக்காது. இத ஒழுங்கா முடிச்சா ஒனக்கு இங்கனயே வேலை."

"வெட்டினது எங்கண்ணே போகும்?"

"எங்கயும் போகாது பிள்ள. காட்டாது, அம்புட்டுதான்."

அவர் டீ குடிக்கக் கிளம்பினார். உச்சிவெயில். தெருவில் ஆளில்லை.

பந்தியை வெட்டி முடித்தாள். அடுத்தது மாப்பிள்ளை வீட்டு உள்ளறை. குத்துவிளக்குக்கு முன்னால் ஒருத்தி தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். சோறு, வடை, பாயசம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, முழங்கை வரை வழிய வழிய. வாயோரம் பிதுங்கி விழுந்ததைத் தரையிலிருந்து வழித்து மறுபடியும் திணித்தாள்.

எப்சி, "சை, என்ன பொம்பள இவ" என்று சத்தத்தை அணைத்தாள்.

சளக்... சளக்...

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

சளக்...

அந்தத் துண்டை வெட்டினாள். திரை கறுத்தது. சத்தம் நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால்... புளித்த பாயச வாடை...

மவுஸ் பிசுபிசுத்தது.

கையைத் திருப்பிப் பார்த்தாள்.

மென்று துப்பிய சோறு.

வாசலில் செருப்புச் சத்தம். மெல்லுவது நின்றது.

"என்ன பிள்ள, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?"

"உள்ளறையில ஒருத்தி அருவருப்பா தின்னுதா... வெட்டிட்டேன்ணே."

"உள்ளறையிலயா? அங்கன யாரு இருந்தா?"

மணிராஜ் அந்தத் துண்டைத் திரும்பக் கொண்டுவந்தார். விளக்கு. மடித்த புதுச்சேலை. யாரும் தொடாத இலை நிறையச் சோறு. ஆளில்லை.

"இது மூத்தவளுக்குப் படைச்சது. மாப்பிள்ளைக்கு மொத பொண்டாட்டி, செத்துட்டா. ரெண்டாங் கல்யாணம்னா அவளுக்கு இலை போடணும்லா. சர்ச்சுக்குப் போற ஒங்க வேதக்காரங்களுக்கு இது தெரியாது."

"எப்படிச் செத்தா?"

"தொண்டையில புத்துநோய். கடைசியில பச்சத்தண்ணி எறங்கல. பசிக்குது பசிக்குதுன்னே போயிட்டா, பாவம்."

எப்சிக்கு வேலை கிடைத்தது. உடம்புதான் பாதியாகிவிட்டது. தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தால், அவள் கைவைக்கும் முன்பே ஓரத்தில் மென்று துப்பிய ஒரு பிடி நனைந்து கிடக்கிறது.

வெட்டினது எங்கேயும் போகவில்லை. காட்டவில்லை, அவ்வளவுதான்.