கையோடு வந்த கைப்பிடி

சைக்கிள் வைத்திருக்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கச் சுரங்கத்தில் மரவேலை மேஸ்திரி. பாறை சரியாமல் மரத்தூண் நிறுத்தி, ஆப்பு அடித்து இறுக்குவது என் வேலை. சீமைக்குத் திரும்பவிருந்த துரை ஒருவரிடம் சைக்கிள் வாங்கினேன். குனிந்து ஓட்டியதில் முதுகு பிடித்துக்கொண்டது. அதனால் கைப்பிடித் தண்டை மேலே இழுத்து உயர்த்தினேன். சட்டத்தின் குழாய்க்குள் தண்டு ஒரு விரற்கடைதான் மிச்சம் இருந்தது, அதைப் பிடிக்கும் திருகு இறுகவில்லை. சுரங்கத்தில் செய்வதுபோல இடுக்கில் ஒரு மர ஆப்பை அடித்தேன்.

"இன்னா மேஸ்திரி, சைக்கிளுக்குமா ஆப்பு?" என்று சிரித்தார் பக்கத்து வீட்டு அந்தோணி.

"பாறையே நிக்குது, இது நிக்காதா? போங்க" என்றேன்.

மறுநாள் காலை, ஆண்டர்சன்பேட்டைக்குப் போகும் இறக்கத்தில் எதிரே மாட்டு வண்டி வந்தது. பதறிப் பின்னால் சாய்ந்து பிரேக்கை அழுத்தினேன். தண்டோடு கைப்பிடி பிடுங்கிக்கொண்டு கையில் வந்துவிட்டது! சைக்கிள் தன்போக்கில் ஓடி, சாலையோரம் குவித்திருந்த சுரங்க மணலில் புதைந்தது. நானும் அதிலேயே விழுந்தேன்.

வண்டிக்காரர் ஓடிவந்து, "உசுரோட கீறீங்களா?" என்றார். என் விரல்கள் அப்போதும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தன.

இப்போது தண்டு நான்கு விரற்கடை உள்ளே இருந்தால்தான் சைக்கிளில் ஏறுகிறேன். முன்சக்கரத்தை முழங்கால்களால் இறுக்கி, கைப்பிடியைத் திருகியும் பார்க்கிறேன்.

அந்த ஆப்பை அடித்த கையால்தான் சுரங்கத்தில் பத்துப் பேர் தலைக்கு மேலும் அடிக்கிறேன். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வோர் ஆப்பையும் தட்டிப் பார்க்கும்வரை அடியில் யாரையும் நிற்க விடுவதில்லை.