லோஞ்சைத் தவறவிட்டவர்களின் சோறு

அக்கரையிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் படகான மூதூர் லோஞ்ச் திருகோணமலை இறங்குதுறையில் வந்து கட்டியதும், அதிலிருந்து இறங்குகிறவர்களில் இரண்டு பேராவது ஸல்ஹாவின் வீட்டுக் கதவைத் தட்டாமல் பட்டினத்துக்குள் போனதில்லை. வீடு இருந்த இடம் அப்படி. துறையிலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்புகிற ஒழுங்கையில் இரண்டாவது கதவு. பையை வைத்துவிட்டுப் போகலாம், முகம் கழுவலாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். பின்னேர லோஞ்சைத் தவறவிட்டால் இரவு தங்கவும் செய்யலாம். ஸல்ஹாவுக்கு ஊர் மூதூர். அவள் புருஷன் அபூதாஹிருக்கும் அதுவே. ஊரில் பாதிப்பேர் அவளுக்கு மாமா முறை, மீதிப்பேர் அவருக்குச் சாச்சா முறை. இதில் யாரை வாசலில் நிறுத்துவது?

எழுபத்து நாலாம் ஆண்டு அது. கூப்பனுக்கு அரசாங்கம் கொடுத்த அரிசியைக் குறைத்திருந்தார்கள். பாண் வாங்க விடியுமுன்பே பேக்கரி வாசலில் போய் நிற்க வேண்டும். சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் இரண்டு நாள் சோறு விற்கக்கூடாது. மூதூர்க்காரர் வயல்காரர், முன்பெல்லாம் விருந்துக்கு வருகிறவர்கள் அரிசியோடு வருவார்கள். அரிசி கொண்டு திரிவதற்குத் தடை போட்ட பிறகு துறையில் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள். நெல்லை விளைவித்தவன் அதில் ஒரு கொத்தைத் தன் மருமகளுக்குக் கொண்டுவரப் பயந்து வெறுங்கையோடு வந்தான். சட்டம் போட்டவர்களின் குசினியில் என்ன வெந்தது என்று யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

அபூதாஹிர் சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். விடியப் பஸ் ஏறினால் பொழுது பட்டுத்தான் திரும்புவார். மாதச் சம்பளத்தை அப்படியே மனைவி கையில் கொடுக்கிற மனிதர். அந்த ஒழுக்கம் அவரிடம் இருந்தது. ஆனால் மாதம் பாதி கழியுமுன் பணம் முடிந்துவிடும். மீதி நாட்களுக்குக் கூப்பன் விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்து, கடனுக்கு அரிசி வாங்க வேண்டியிருந்தது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் அவர் பொறுமை முடிந்தது.

"உன்ட ஆக்கள் என்ட சம்பளத்தைத் திண்டு ஏப்பம் விட்டுட்டு லோஞ்சில ஏறிப் போறாங்க."

"என்ட ஆக்களா? போன கிழமை வந்து ரெண்டு நாள் நிண்டது ஆர்? ஒங்கட சாச்சிட மகன்தானே?"

"அவன் ஒருத்தன்."

"ஒருத்தன்தான். திண்டது மூணு பேர்ட சோறு."

அபூதாஹிருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டதால் கோபம் கூடிவிட்டது. "இந்த மாசத்தோட முடிவு. மூதூரால வாற ஒருத்தரும் இனி இஞ்ச ராவையில நிக்க ஏலாது. தேத்தண்ணி குடுக்கலாம். சோறில்ல, பாயில்ல."

"முஹம்மது தம்பி மாமா வந்தாலுமா?"

"அவர் நேரத்தோட லோஞ்சப் பிடிக்கட்டும்."

தாயில்லாத ஸல்ஹாவை, அவள் வாப்பாவுக்குத் துணையாக நின்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் முஹம்மது தம்பி மாமா. அவரைத் துறையில் துண்டு விரித்துப் படுக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் கையிலிருந்த சோற்றுப் பிடியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். ஆனாலும் புருஷன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. பணம் போகிறதுதானே.

"எனக்கு இந்த மாசம் முழுக்கத் தாங்க. எங்க போகுதெண்டு பாத்துச் சொல்றன். பிறகு நீங்க சொன்னபடி செய்யிறன்," என்றாள்.

ஸல்ஹா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கு நன்றாக வருகிற பிள்ளை என்று வாத்தியார் சொன்னார். வாப்பா அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டாரே தவிர, படிப்பைத் தொடர வைக்க ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடம் நின்றது. அந்த மூளை அதற்குப் பிறகு உலை வைக்கவும் சட்டி கழுவவும்தான் பயன்பட்டது. அந்த ஊரில் மட்டுமா, எத்தனை ஊர்களில் எத்தனை மூளைகள் அப்படிக் கரி பிடித்துக் கிடந்தன!

அடுத்த வீட்டு ஜெஸீமா ராத்தாவுக்கு வேறு யோசனை இருந்தது. "வீட்டில பறக்கத் இல்ல புள்ள, வாறது தங்குதில்ல. கண்ணூறாயிருக்கும். ஓதிப் பாக்கிற ஆள் ஒருத்தர் இருக்கார், அஞ்சு ரூவாதான் எடுப்பார்."

"அஞ்சு ரூவாயும் போனா, பறக்கத் இன்னும் அஞ்சு ரூவாக்குக் குறைஞ்சிருமே ராத்தா."

"உன்ட வாய்க்குத்தான் முதல்ல ஓதணும்," என்று ஜெஸீமா எழுந்து போனாள்.

ஸல்ஹா இரண்டு சிரட்டைகளை அடுப்பு மேடையில் வைத்தாள். விருந்தாளி ஒருவர் ஒரு வேளை சாப்பிட்டால் ஒரு புளியங்கொட்டை. அவளுடைய ஆள் என்றால் வலப்பக்கச் சிரட்டை, அவருடைய ஆள் என்றால் இடப்பக்கம். இரண்டு வாரம் போட்டுக் கொட்டிப் பார்த்தாள். இரண்டும் ஏறத்தாழச் சமம். அவளுடைய பக்கம் இரண்டு கொட்டை கூட.

"பாத்தியா?" என்றார் அபூதாஹிர்.

"ஒங்கட மாமி நேத்து ரெண்டாந்தரம் கேட்டு வாங்கின சோத்துக்கு நான் கொட்டை போடல்ல," என்றாள் ஸல்ஹா.

 யார் தின்றார் என்று கேட்டதில் கிடைத்தது அந்தச் சண்டை மட்டும்தான். ஒரு சதமும் மிஞ்சவில்லை. அன்றிரவு பாத்திரம் கழுவும்போது ஸல்ஹாவுக்குப் பட்டது: கேள்வியே பிழை. இவர்கள் எல்லாம் சோற்றுக்காகவா கடல் கடந்து வருகிறார்கள்? சோறு விளைகிற ஊரிலிருந்து, சோறில்லாத ஊருக்கு? பிறகு ஏன் தங்குகிறார்கள்?

அடுத்த நாள் மூன்று சிரட்டை வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் ஒன்றில், கடைக்கு வந்தவர் ஒன்றில், அரசாங்கக் கந்தோருக்கு வந்தவர் ஒன்றில். ஆஸ்பத்திரிச் சிரட்டையில் நாலைந்து கொட்டைதான் விழுந்தன. கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்கி முடித்துப் பின்னேர லோஞ்சிலேயே போய்விட்டார்கள். அந்தச் சிரட்டை கிட்டத்தட்ட வெறுமை. கந்தோர்ச் சிரட்டை நிரம்பி வழிந்தது. அதிலும் வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்திருந்தார்கள். முஹம்மது தம்பி மாமா காணிப் பத்திரத்துக்காக நாலாம் முறை. அபூதாஹிரின் சாச்சி மகள் றஹ்மா, புருஷன் கடலில் போன பிறகு அரசாங்க உதவிப் பணத்துக்காக மூன்றாம் முறை. ஏழைக்குச் சட்டப்படி சேர வேண்டிய அந்தப் பணத்துக்கு ஊரில் பிச்சைச் சம்பளம் என்று பெயர். வாங்குமுன்பே ஆளைக் கூனவைக்கிற பெயர்.

"என்ன மாமா சொல்றாங்க கந்தோரில?"

"நாளைக்கு வரச் சொல்றாங்க மகள்."

"நாளைக்குப் போனா?"

"நாளைக்கும் நாளைக்குத்தான்."

செவ்வாய்க்கிழமை காலையில் ஸல்ஹா சீலைத் தலைப்பை இழுத்து முக்காடிட்டு, மாமாவையும் றஹ்மாவையும் கூட்டிக்கொண்டு தானே கந்தோருக்குப் போனாள். வாங்குப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இராசதுரை என்ற கிளாக்கர் மேசைக்குப் பின்னால் இருந்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. யாரையும் ஏசவில்லை, லஞ்சம் கேட்கவில்லை. கொடுக்கிற கடதாசியை வாங்கி, மேசையிலிருந்த அடுக்கின் மேல் வைத்தார். மேலே இருப்பதை எடுத்து, ஒப்பம் வைக்கிற பெரியவரின் அறைக்கு அனுப்பினார். அடுத்து வந்த கடதாசி மறுபடி மேலே. பட்டினத்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், அடுக்கின் தலை போய்க்கொண்டே இருந்தது. நேற்று வந்தவை அடியில் கிடந்தன. முந்தாநாள் வந்தவை அதற்கும் அடியில். மத்தியானத்துக்குப் பிறகு பெரியவர் வெளியே போய்விடுவார். அவ்வளவுதான் விஷயம். ஒரு ஏழையின் காணியும் ஒரு கைம்பெண்ணின் அரிசியும், கடதாசியை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்ற யோசனையில்லாத ஒரு பழக்கத்தில் மாட்டிக்கிடந்தன.

ஸல்ஹா எழுந்து போனாள். "ஐயா, இவங்கட கடதாசி அடியில கிடக்கு. முதல் வந்ததை முதல் எடுத்தா என்ன?"

இராசதுரை நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி, கந்தோருக்கு ஒரு முறை இருக்கு. இண்டைக்குப் பெரியவர் போயிட்டார். நாளைக்கு வாங்கோ."

அவள் வெளியே வந்து, வாசலில் நின்ற காவல்காரனிடம் கிளாக்கர் ஐயாவின் வீடு எது என்று விசாரித்தாள்.

பொழுது படும் நேரம் மூவரும் அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். முஹம்மது தம்பி பின்னால் ஒதுங்கினார். "வேணாம் மகள். வெக்கக்கேடு."

"நாலு தரம் நடக்கவச்ச ஆளுக்கு இல்லாத வெக்கம் நமக்கு ஏன் மாமா?"

கதவைத் திறந்தவள் கிளாக்கரின் மனைவி பூரணி. "ஆர் நீங்கள்? இவர் கோயிலுக்குப் போயிட்டார்."

"மூதூரால வந்த ஆக்கள் தங்கச்சி. ஐயா நாளைக்கு வரச் சொன்னவர். லோஞ்ச் போயிட்டுது. ராச்சாப்பாட்டுக்கு வந்தம்."

பூரணி விழித்தாள். ஆனால் வாசலில் வந்து சாப்பாடு என்று சொன்னவர்களைப் போகச் சொல்ல அந்த வீட்டிலும் யாரும் பழகியிருக்கவில்லை. "உள்ளுக்கு வாங்கோ... இண்டைக்கு எங்களுக்கு மரக்கறிதான்."

"அது இன்னும் நல்லம். எங்களுக்கும் ஒரு யோசனையில்லாம சாப்பிடலாம்."

குசினி வாசலில் நின்ற ஸல்ஹா ஒன்றைக் கண்டாள். பூரணி அரிசிப் பானையைத் திறந்து, உள்ளே பார்த்தபடி சற்று நேரம் நின்றாள். ஸல்ஹாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை அது. இரக்கமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் போகவில்லை, பூரணியின் கையிலிருந்த தேங்காயை வாங்கித் துருவினாள்.

இராசதுரை நெற்றியில் திருநீற்றோடு உள்ளே வந்தபோது அவருடைய கதிரையில் முஹம்மது தம்பி நுனியில் உட்கார்ந்திருந்தார். றஹ்மா தரையில் வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது? கந்தோர் விசயத்தை வீட்டுக்குக் கொண்டு வாறதோ?"

"நீங்கதானே ஐயா இவங்களை எங்கட வீட்டுக்கு அனுப்பினீங்க," என்றாள் ஸல்ஹா. "நாளைக்கு வாங்கோ எண்டு நீங்க சொல்ற ஒவ்வொரு தரமும் எங்கட வீட்டில ஒரு உலை கூட வைக்கணும். எங்கட அரிசி முடிஞ்சுது. இனி ஒங்கட பங்கு. பயப்பிடாதீங்க, படுக்கிறதுக்கு எங்கட வீடு இருக்கு. சோறு மட்டும்தான்."

"பெரியவர் ஒப்பம் வைக்கேல்லை. நான் என்ன செய்ய?"

"கடதாசி அவர்ட மேசைக்குப் போனாத்தானே வைப்பார்? நேத்து வந்ததுக்கு மேல இண்டைக்கு வந்ததை வைக்கிறீங்க. இவங்கட முறை எப்ப வாற?"

பூரணி சோற்றுச் சட்டியோடு நின்றாள். "இவை நாளைக்கும் வருவினமோ?" என்று புருஷனைக் கேட்டாள்.

பதில் ஸல்ஹாதான் சொன்னாள். "ஓம் தங்கச்சி, வேலை முடியாட்டி வருவம். ஐயாதானே வரச் சொல்றார்."

"இஞ்சருங்கோ," என்றாள் பூரணி தாழ்ந்த குரலில், "கூப்பனுக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு."

இராசதுரை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு கிணற்றடிக்குப் போனார். முஹம்மது தம்பி இரண்டாம் முறை சோறு வேண்டாம் என்றார். பூரணி கேட்காமல் போட்டாள்.

மறுநாள் மத்தியானத்துக்கு முன் காணிப் பத்திரம் கைக்கு வந்தது. றஹ்மாவின் விண்ணப்பத்தில் ஒப்பம் விழுந்தது. இருவரும் பின்னேர லோஞ்சில் ஊருக்குப் போனார்கள். கிளாக்கர் மனம் திருந்திவிட்டார் என்று சொல்ல வரவில்லை. அவருடைய அரிசி போனது, அதனால் அன்றிலிருந்து அடுக்கைத் திருப்பிப் போட்டார். மனிதர் மனம் திருந்தும் என்று காத்திருந்தால் ஏழைகள் செத்துவிடுவார்கள். நட்டம் எங்கே விழவேண்டுமோ அங்கே விழவைத்தால் போதும்.

ஆனால் கதை பஸ்ஸில் ஏறிச் சீனன்குடாவுக்குப் போய்விட்டது. அபூதாஹிர் சிவந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"உன்ட பொஞ்சாதி கிளாக்கர் வீட்டில சோத்துக்கு நிண்டவளாம் எண்டு என்னைக் கேக்கிறாங்க. என்ட மானத்தை வித்துட்டு வந்திருக்கிறாய்."

"ஓம், நிண்டனான்," என்றாள் ஸல்ஹா. "என்ட மாமாவை நீங்க துறையில படுக்கச் சொன்னீங்க. அது மானமா?" கந்தோர்ச் சிரட்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் கவிழ்த்தாள். "ஒங்கட ஆக்களும் திங்கல்ல, என்ட ஆக்களும் திங்கல்ல. இது முழுக்க அந்த மேசை திண்டது."

அவர் கொட்டைகளைப் பார்த்தார். எண்ணவில்லை. "அந்தாள் மேலிடத்துக்கு எழுதி என்ட வேலைக்கு உலை வைச்சா?" என்று மட்டும் கேட்டார்.  அந்தப் பயத்தோடுதான் இருவரும் அந்த மாதத்தைக் கழித்தார்கள். இராசதுரை எழுதவில்லை. எழுதினால் என்னவென்று எழுதுவார்?

அடுத்த மாதம் கடைசிக் கிழமையிலும் பானையில் கூப்பன் அரிசி கிடந்தது. கடன் வாங்கவில்லை. அபூதாஹிர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இந்த மாசம் ஊரால ஒருத்தரும் வரல்ல போல."

"வராம? நிறைய ஆக்கள் வந்தாங்க. நீங்க பஸ்ஸால இறங்க முன்னம் வேலை முடிச்சு லோஞ்சேறிட்டாங்க. தேத்தண்ணியோட சரி."

அவர் துவாயால் கையைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார். ஒரு மாதமாக அந்த வீட்டில் இரவில் யாரும் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"முஹம்மது தம்பி மாமாவுக்குச் சொல்லி அனுப்பு," என்றார். "ஒரு வேலையும் இல்லாம, சும்மா வந்து ஒரு ராவைக்கு நிண்டுட்டுப் போகட்டும்."

"வெள்ளிக்கிழமை வரச் சொல்றன்," என்றாள் ஸல்ஹா. "மீன் நீங்க வாங்கிட்டு வாங்க."